வாள் யாருடையது?

லண்டன் நகரத்தின் இலச்சினையைக் காணாதவர்கள் இங்கே குறைவு. நின்று பார்த்தவர்களும் குறைவுதான். வெள்ளை நிலத்தில் ஒரு சிவப்புச் சிலுவை. சிலுவை பிரித்த நான்கு கட்டங்களில், பார்ப்பவருக்கு இடது பக்கம் மேலே உள்ள கட்டத்தில் மட்டும், முனை மேல்நோக்கி நிற்கும் ஒரு சின்னச் சிவப்பு வாள். கேடயத்தை இரு புறமும் தாங்கியபடி இரண்டு டிராகன்கள். ஆண்டவரே எங்களை வழிநடத்தும் என்ற பொருளில் கீழே ஓர் இலத்தீன் வரி.

நான் சொல்லும் லண்டன் நகரம் நாங்கள் குடியிருக்கும் பெரிய லண்டன் அல்ல. ஈஸ்ட்ஹாமோ ஹரோவோ ரூட்டிங்கோ அதற்குள் வராது. பழைய மதிலை ஒட்டி ஏறக்குறைய ஒரு சதுர மைல் அளவுக்குக் கிடக்கும் நிலம் அது. அதற்குத் தனி மேயர், தனிப் பொலிஸ், தனி இலச்சினை. எங்களில் பலர் அந்தச் சதுர மைலுக்குள் போனது விடியமுன்னர் அலுவலகங்களின் நிலம் துடைக்க, அல்லது இரவில் வாசலில் காவல் இருக்க. நானும் இரண்டு வருடம் அப்படி ஒரு வாசலில் இருந்தேன். எதிர்ச்சுவரில் இந்தக் கேடயம். பன்னிரண்டு மணிநேரம் வேறொன்றும் பார்க்க இல்லாதவனுக்கு அந்த வாளைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

அந்த வாளுக்கு இரண்டு கதைகள் உண்டு. முதலாவது தேவாலயக் கதை. புனித பவுல், எங்கள் கத்தோலிக்க ஊர்களில் பழைய ஆட்கள் சின்னப்பர் என்று சொல்லும் அதே ஆள், இந்த நகரத்தின் காவலர். நகரத்தின் பெரிய கோயில் அவருடையது. உரோமில் அவரை வாளால் தலை வெட்டிக் கொன்றார்கள் என்பது மரபு. ஆகவே படங்களிலும் சிலைகளிலும் பவுல் கையில் ஒரு வாளோடு நிற்பார். அது அவர் வீசிய வாள் அல்ல, அவர் கழுத்தில் விழுந்த வாள்.

இரண்டாவது தெருக்கதை. 1381ஆம் ஆண்டு. கொள்ளைநோய் ஊரைப் பாதி தின்றுவிட்டுப் போய் ஒரு தலைமுறை. பிரான்சோடு ஓயாத போர். அதற்குக் காசு வேண்டும் என்று அரசு நாலு வருடத்துக்குள் மூன்றாவது தடவையாகத் தலைவரி போட்டது. கென்ற், எசெக்ஸ் பக்கத்துக் குடியானவர்கள் திரண்டு லண்டனுக்குள் வந்தார்கள். பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. தலைவன் பெயர் வாட் டைலர். அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது 14 வயது. ஜூன் 15ஆம் திகதி ஸ்மித்ஃபீல்ட் வெளியில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, நகர மேயர் வில்லியம் வால்வர்த் டைலரை வெட்டி வீழ்த்தினார். காயத்தோடு பக்கத்திலிருந்த புனித பார்தலோமியு மருத்துவமனைக்குக் கொண்டுபோனவனை வெளியே இழுத்துவந்து தலையை வெட்டினார்கள். வால்வர்த் நைட் பட்டம் பெற்றார். அரசன் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் சில நாட்களில் செல்லாதவையாகின. இலச்சினையில் இருப்பது வால்வர்த்தின் குத்துவாள், நகரத்தைக் காத்ததற்கு நன்றியாக அதைச் சேர்த்தார்கள் என்பது இந்தக் கதை.

பதிவேடு முதற்கதையின் பக்கம் நிற்கிறது. 1381 ஏப்ரலில் புதிதாகச் செய்த மேயர் முத்திரையிலேயே இந்த வாள் இருக்கிறது. டைலர் செத்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. ஜோன் ஸ்ரோ என்பவர் லண்டனைத் தெருத்தெருவாக நடந்து எழுதிய புத்தகம் 1598இல் வந்தது. அதிலேயே அவர் வால்வர்த் கதையை மறுத்துவிட்டார். ஆனாலும் கதை சாகவில்லை. வால்வர்த் மீன் வணிகர் சங்கத்தைச் சேர்ந்தவர். லண்டன் பாலத்தடியில் இருக்கும் அந்தச் சங்க மண்டபத்தில் அவருடைய குத்துவாள் என்று ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். அவருக்குச் சிலையும் உண்டு.

பொய் என்று நானூறு வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்ட ஒரு கதை ஏன் இத்தனை காலம் நிற்கிறது? வெட்டுப்பட்டவனின் வாளைத் தன் அடையாளமாக வைத்திருப்பது எந்த ஊருக்கும் கடினம் என்றுதான் எனக்குப் படுகிறது. வெட்டியவனின் வாள் இலகு. அதைச் சொல்லிப் பெருமைப்படலாம், பிள்ளைகளுக்குக் காட்டலாம். வாட் டைலரின் பக்கம் நிற்பவர்களும் இரண்டாவது கதையைத்தான் விரும்புகிறார்கள். பார், கொலைக்கருவியைக் கொடியில் வைத்திருக்கிற ஊர் என்று திட்ட அது உதவும். இரு தரப்புக்கும் பவுல் தேவைப்படவில்லை. ஒரே கோடுகள், ஒரே சிவப்பு. கொன்றவனின் வாளா கொல்லப்பட்டவனின் வாளா என்பதைப் படம் சொல்லாது.

இதே ஊரில் இன்னொரு இலச்சினை இருக்கிறது, யாருக்கும் எந்தக் கோபமும் வராத ஒன்று. மிடில்செக்ஸ் கவுண்டியின் மூன்று கத்திகள். சிவப்பு நிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று அகன்ற கத்திகள், முதுகில் ஒரு வெட்டுப் பள்ளம், மேலே சாக்சன் கிரீடம். கத்தியின் பெயர் சீயக்ஸ். சாக்சன் என்ற இனப்பெயரே அந்தக் கத்தியிலிருந்து வந்தது என்பார்கள். கத்தியால் பெயர் பெற்ற சனம். இந்தச் சின்னம் ஆதி சாக்சன் அரசர்களுடையது என்று 1605இல் ஒருவர் புத்தகத்தில் எழுதிவைத்தார். சாக்சன் அரசர்கள் காலத்தில் இலச்சினைக் கலையே கிடையாது; அது பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான் பிறக்கிறது. ஆனாலும் 1910இல் அந்தக் கத்திகள் மிடில்செக்ஸ் கவுண்டி சபைக்கு முறைப்படி வழங்கப்பட்டன. பக்கத்து எசெக்ஸும் அதே மூன்று கத்திகளைப் பாவித்ததால், வித்தியாசம் தெரிய இங்கே கிரீடத்தை வைத்தார்கள். 1965இல் சபையே இல்லாமல் போய்விட்டது. ஹரோவிலும் வெம்பிளியிலும் எங்கள் ஆட்கள் இன்னும் கலியாண அழைப்பிதழில் மிடில்செக்ஸ் என்று போடுகிறார்கள். கத்திகள் கிரிக்கெட் கழகத்தின் சின்னத்தில் மிஞ்சியிருக்கின்றன. அவற்றால் வெட்டுப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொள்ள இன்று ஒருவரும் இல்லை. அதனால்தான் அந்தக் கத்திகள் வெறும் அழகு. காலம் கழிந்ததால் கூர் மழுங்கியது என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே நிற்க ஆள் இல்லாததால் மழுங்கியது.

எதிரே ஆள் நிற்கும் ஒரு வாள் இதே லண்டனிலிருந்துதான் எங்கள் ஊருக்குப் போனது. இதை அறியாத எங்கள் பிள்ளைகள் பலர்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கனின் கொடி அகப்பட்டு லண்டனுக்கு வந்தது. செல்சியில் வயதான படைவீரர்கள் தங்கும் அரச மருத்துவமனையில், பிடிபட்ட மற்றக் கொடிகளோடு அதுவும் இருந்தது. வெற்றிப்பொருள், போன யுத்தங்களின் மிச்சம். ஒரு நூறு வருடம் கழித்து ஈ. டபிள்யூ. பெரேரா அதைக் கண்டுபிடித்தார். கண்டி வீழ்ந்த நூற்றாண்டை ஒட்டி 1915இல் தினமின பத்திரிகை அந்தக் கொடியின் படத்தை வெளியிட்டது. வலது கையில் வாள் ஏந்திய சிங்கம். சிங்கள மக்கள் பார்த்து நெகிழ்ந்தார்கள் என்றால் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தோற்றவனின் கொடி தோற்கடித்தவனின் கூடத்தில் தூசி பிடித்துக் கிடந்து திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் அந்த வாள் பவுலின் வாள்தான்.

அந்த அரசன் யார்? மதுரைப் பக்கத்து நாயக்க வம்சத்தவன். இயற்பெயர் கண்ணுசாமி. பிடிபட்டபின் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். 1948 சனவரியில், இந்தச் சிங்கக்கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்ற பிரேரணையைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. தென்னிந்திய வம்சத்து அரசனின் கொடியை, தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர், சிங்களப் பெரும்பான்மைச் சபையில் முன்மொழிகிறார். சின்னங்களின் வரலாறு இவ்வளவு குறும்பானது என்று தெரிந்தால் நாங்கள் அவற்றுக்காகச் சண்டை பிடிப்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடாவது செய்வோம்.

சிங்கம் மட்டும் போதாது என்று எதிர்ப்பு வந்தது. குழு அமைந்தது. தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரண்டு நெடுங்கோடுகளைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. செனற்றர் எஸ். நடேசன் இணங்கவில்லை. கொடி ஒன்றுமையைச் சொல்ல வேண்டும். சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே இரண்டு கோடுகளை ஒட்டினால் அது எப்படி ஒன்றுமை என்பது அவருடைய பக்கம். 1951இல் கொடி நிறைவேறியது. எடுத்துப் பாருங்கள்: கோடுகள் கொடிக்கம்பத்தின் பக்கம் இருக்கின்றன. சிங்கமும் கம்பத்தின் பக்கமே பார்க்கிறது. ஆக, வாளை ஓங்கிய சிங்கம் கோடுகளைப் பார்த்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறைப் பிள்ளை ஒவ்வொன்றும் இதைப் பள்ளிக்கூட மைதானத்தில் யாரோ சொல்லக் கேட்டே வளர்ந்தது.

வரைந்தவர்கள் அப்படி நினைத்து வரைந்திருக்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கொடி மரபில் கம்பத்தை ஒட்டிய பக்கம் மரியாதையான பக்கம். சிங்கங்கள் வழக்கமாக அந்தப் பக்கம்தான் பார்க்கும். மரியாதை செய்யவே கோடுகளை அங்கே வைத்தோம் என்று ஒரு சிங்கள நண்பர் என்னிடம் வாதாடினார். நல்ல மனிதர். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாளின் முன்னால் நிற்பவனுக்கு அதைப் பிடித்தவனின் மனம் தெரியாது. அவனுக்குத் தெரிவது வாள்.

வெற்றி பெற்றவன் தோற்றவனைத் தன் கொடியில் சேர்த்துக்கொள்ளும் கதை எங்களிடமும் உண்டு. ஹைகேட் முருகன் கோயிலில் சூரன்போர் பார்க்கப் போகும் குழந்தைகள்கூட அதைச் சொல்லும். மாமரமாகி நின்ற சூரனை வேல் பிளக்கிறது; ஒரு பாதி மயிலாகி வாகனமாகிறது, மற்றப் பாதி சேவலாகிக் கொடியேறுகிறது. பகைவனையும் அழிக்காமல் ஆட்கொண்ட அருள் என்று சிறு வயதில் படித்தோம். அழகான கதை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாகனமாக இருக்கச் சம்மதமா என்று சூரனிடம் யார் கேட்டார்கள்? கதையைச் சொன்னவர்கள் முருகன் பக்கத்து ஆட்கள். செம்மஞ்சள் கோடும் அப்படி ஓர் அருள்தான் போலும்.

பிடித்தவனின் மனமா, பார்ப்பவனின் கண்ணா என்ற இந்தக் கேள்வி அண்மையில் நீதிமன்றத்துக்கே போனது. 2018 சனவரியில் லண்டனில் நடந்த ஓர் ஊர்வலத்தில் மூன்று பேர் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் கொடியை ஏந்தினார்கள். அந்தக் கட்சி இங்கே தடைசெய்யப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2022 சனவரியில் தீர்ப்பு வந்தது. தடைசெய்யப்பட்ட இயக்கம் ஒன்றின் ஆதரவாளர் என்ற நியாயமான சந்தேகத்தைப் பார்ப்பவருக்கு எழுப்பும் விதத்தில் ஒரு பொருளைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். அதைக் கையில் வைத்திருப்பது தெரிந்திருந்தால் போதும். அதற்கு என்ன பொருள் என்பது ஏந்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏந்தியவரின் நோக்கம் கணக்கில் இல்லை.

சட்டமாக இது கடுமையானது. பிழையாகப் பயன்படும் என்ற பயம் எனக்கு உண்டு. பொருள் தெரியாமல் ஒரு துணியைத் தூக்கியவனையும் இது பிடிக்கும். ஆனால் அறக்கேள்வியாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு சிங்கக்கொடி பற்றி நான் சொன்னதையே சொல்கிறது. அதை நான் கொழும்புக்கு எதிராக மட்டும் வைத்திருந்து, எங்கள் பக்கம் வரும்போது பெட்டிக்குள் பூட்ட முடியாது.

அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதிமன்றம் இருக்கும் கட்டடம் பழைய மிடில்செக்ஸ் மாளிகை. பாராளுமன்றச் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கிறது. 2009 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அந்தச் சதுக்கத்தில் நாங்கள் இருந்தோம். 73 நாட்கள். முன்னே பாராளுமன்றம், ஒரு பக்கம் அந்த மாளிகை, உச்ச நீதிமன்றமாக்குவதற்கான திருத்தவேலை நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் புலிக்கொடி இருந்தது. முள்ளிவாய்க்காலில் தன் சனம் செத்துக்கொண்டிருந்த ஒருவர் அன்று அதைப் பிடித்திருந்தால், அவர் கையில் இருந்தது பவுலின் வாள். வேறு ஒன்றும் மிச்சமில்லாதவனின் அடையாளம். அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

அந்தக் கொடியில் பாயும் புலியின் பின்னால் இரண்டு துவக்குகள் இருக்கின்றன, சுற்றிவரத் தோட்டாக்கள். சோழரின் புலி ஆயிரம் வருடப் பழசு. துவக்கு அப்படி இல்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள், ஏறக்குறைய எழுபதாயிரம் பேர், வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணிநேரம். அன்று சோனகதெருவில் நின்ற ஒரு பிள்ளைக்கு அந்தப் புலி எந்தப் பக்கம் பார்த்து நின்றது? இந்தக் கேள்வியைக் கேட்டால் லண்டனில் இன்றும் மேசை அமைதியாகிவிடும். காலம் சரியில்லை, எதிரி பயன்படுத்துவான், முதலில் எங்களுக்கு நடந்ததைப் பேசுவோம் என்பார்கள். காலம் சரியில்லை என்பது வால்வர்த்தின் ஆட்களும் சொல்லியிருக்கக்கூடிய பதில்.

அப்படியானால் ஒருவருக்கும் உறுத்தாத சின்னம்தான் தீர்வா? அதையும் அதே கட்டடத்தில் பார்க்கலாம். உச்ச நீதிமன்றத்துக்கு என்று செய்த புதிய சின்னத்தில் வாள் இல்லை, மிருகம் இல்லை, செடிகள்தான். இங்கிலாந்துக்கு ரோசா, ஸ்கொட்லாந்துக்கு முட்செடி, வேல்ஸுக்கு லீக்ஸ் இலை, வட அயர்லாந்துக்கு ஆளி. வட அயர்லாந்தில் இரு சமூகமும் சண்டை பிடிக்காத ஒரு சின்னம் கிடைப்பது இலேசல்ல. அல்ஸ்ரரின் பழைய சின்னம் ஒரு சிவந்த கை. அறுத்து எறிந்த கை என்பது அதன் கதை. அதை விட்டுவிட்டு, நூலாகி லினன் துணியாகும் நீலப் பூச்செடி ஒன்றைத் தேடிப் பிடித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆளிப்பூவுக்காக யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை. யாரையும் குத்தாதது யாரையும் தொடுவதும் இல்லை. இந்தப் பேரம் நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மாதிரித் தோன்றும்.

ஸ்மித்ஃபீல்டில் நடந்தது எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. 2015இல் அங்கே 1381 எழுச்சிக்கு ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். திரைப்பட இயக்குநர் கென் லோச் திறந்துவைத்தார். டைலர் செத்து 634 வருடம் கழித்து. நகரத்தின் இலச்சினையில் ஒரு கோடும் மாறவில்லை, வாள் அப்படியே நிற்கிறது, மீன் வணிகர் மண்டபத்தில் குத்துவாளும் இருக்கிறது. ஆனால் ஒரு நடை தூரத்தில் மற்றவனின் பெயரும் கல்லில் இருக்கிறது. வாளை இறக்குங்கள் என்று கேட்பதைவிட, வெட்டுப்பட்டவன் தன் கல்லைத் தானே நட விடுங்கள் என்று கேட்பது நடக்கக்கூடியது. எங்கள் ஊரில் அதற்கே வழியில்லை. துயிலும் இல்லங்களை இயந்திரம் கொண்டு இடித்தார்கள். கல் நட விடாத நாட்டில் கொடியில் கோடு எங்கே நிற்கிறது என்பது பெரிய விடயமே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

இதெல்லாம் எனக்கு ஓய்வுநேர யோசனையாகவே இருந்திருக்கும், போன வருடம் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று நிர்வாகக்குழு முடிவெடுத்திராவிட்டால். சனிக்கிழமைகளில் ஒரு ஆங்கிலப் பாடசாலையின் எட்டு வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடக்கும் பள்ளிக்கூடம். பெற்றோரிடம் யோசனை கேட்டார்கள். முதலில் வந்தது புலி; சோழப் புலிதான், துவக்கு இல்லை என்று கொண்டுவந்தவர் அடித்துச் சொன்னார். மன்னாரிலிருந்து புத்தளம் போய் அங்கிருந்து இங்கே வந்த குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். அந்தத் தாய் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் என்னிடம், "அண்ணா, புலி போட்டா எங்கட உம்மா பிள்ளையளின்ர சட்டையைப் பார்ப்பா" என்று மட்டும் சொன்னார். சோழர் பற்றி அவருக்கு நான் விளக்கப் போகவில்லை.

அடுத்தது வேல். மூன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் வாய் திறக்காமல் இருந்தன. யாழ் என்றார்கள், அது வாத்தியம் இல்லை, ஊரின் பெயர் என்று மட்டக்களப்பார் சிரித்தார். பனை என்றபோது எல்லோரும் சரி என்ற மாதிரித் தலையாட்ட, பின்வரிசையில் ஹற்றனிலிருந்து வந்த ஒருவர் எழுந்து, எங்கள் தோட்டங்களில் பனை இல்லையே ஐயா என்றார். தேயிலைக் கொழுந்து போடலாமா என்று யாரோ பகிடியாகக் கேட்டார்கள். ஏன் கூடாது என்று அவர் பகிடியில்லாமல் திருப்பிக் கேட்டார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் "அ" என்ற எழுத்தை மட்டும் போடலாம் என்றார். அது ஆரம்ப வகுப்புப் புத்தக அட்டை மாதிரி இருக்கும் என்று தலைவர் தள்ளிவைத்தார்.

இப்போதைக்குக் கடிதத்தாளில் பள்ளிக்கூடத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருக்கின்றன. இடது மேல் மூலையைச் சின்னத்துக்கென்று வெறுமையாக விட்டு அச்சடித்திருக்கிறார்கள். அடுத்த கூட்டம் செப்டம்பரில்.